காரையும் பணத்தையும் கூண்டில் ஏற்றும் சட்டம்



அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1965-இல் தீர்ப்பளித்த ஒரு வழக்கின் பெயர்: 'ஒரு 1958 பிளைமவுத் செடான் எதிர் பென்சில்வேனியா'. அச்சுப்பிழை என்று நினைக்க வேண்டாம். பிளைமவுத் என்பது கார். ஒரு பக்கம் கார், எதிர்ப்பக்கம் ஒரு மாநில அரசு. 2006-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றில் முடிந்த இன்னொரு வழக்கின் பெயர் 'அமெரிக்க அரசு எதிர் 1,24,700 டாலர் ரொக்கம்'. அதில் எதிர்த்தரப்பு ஒரு பணக்கட்டு!

வரலாற்றுப் பாடத்தில் இப்படி விசித்திரமாக ஏதாவது வந்தால் நான் அங்கேயே நின்றுவிடுவேன், பாடம் முடியாமல் மணி அடித்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். இன்றும் அப்படித்தான். நம் பிள்ளைகள் பலர் டெக்சாஸ், நியூஜெர்சி என்று அங்கே குடும்பத்தோடு இருக்கிறீர்கள். தினமும் நெடுஞ்சாலையில் கார் ஓட்டுகிறீர்கள். அதனால் இந்தச் சட்டத்தின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நீளம் என்று திட்டாதீர்கள்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். திருடன் பிடிபட்டு, வழக்கு நடந்து, குற்றம் உறுதியானபின் அவன் திருடிச் சேர்த்ததை அரசு எடுத்துக்கொள்வது எல்லா நாட்டிலும் உண்டு. அதில் யாருக்கும் சண்டை இல்லை. அமெரிக்காவில் இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு வழி இருக்கிறது. உரிமையியல் பறிமுதல் என்று சொல்லலாம். இதில் வழக்கு ஆள்மீது இல்லை, பொருள்மீது. இந்தக் காரில் போதைப்பொருள் கடத்தினார்கள், இந்தப் பணம் கடத்தலில் வந்தது என்று போலீஸ் சொன்னால், காரும் பணமும் குற்றவாளிகள் ஆகிவிடும். உரிமையாளர் தண்டிக்கப்பட வேண்டியதில்லை. அவர்மீது குற்றச்சாட்டுகூட வேண்டியதில்லை. சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும் என்ற குற்றவியல் விதியும் இங்கே கிடையாது. தராசு ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தால் போதும். உரிமையாளர் ஏழையாக இருந்தால் அரசு வக்கீல் அமர்த்தித் தருவதும் பொதுவாக இல்லை. வாழும் வீட்டையே பறிக்கும்போது மட்டும் அதற்கு வழி வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பணக்கட்டு வழக்கில் நடந்ததையே எடுத்துக்கொள்ளுங்கள். நெப்ராஸ்கா மாநில நெடுஞ்சாலையில் ஒருவர் வாடகைக் காரில் போகிறார். வேகமாக ஓட்டினார் என்று நிறுத்துகிறார்கள். குளிர்பெட்டிக்குள் சுற்றி வைத்த பணம் கிடைக்கிறது. போதைப்பொருள் ஒரு பொட்டுகூட இல்லை. மோப்ப நாய் மட்டும் சைகை காட்டியது. குளிர்சாதன லாரி வாங்க நண்பர்கள் சேர்ந்து போட்ட பணம் என்றார் அவர். முதலில் பணமே இல்லை என்று பொய் சொன்னார், அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கீழ் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் அரசு வென்றது, பணம் போனது.

உயிரில்லாத பொருளை எப்படிக் குற்றவாளி ஆக்கினார்கள்? இதன் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. அங்கே இடைக்காலம் தொட்டு 'டியோடாண்ட்' என்று ஒரு வழக்கம் இருந்தது. லத்தீனில் 'கடவுளுக்குக் கொடுக்க வேண்டியது' என்று பொருள். ஒரு வண்டி ஏறி மனிதன் செத்தால் அந்த வண்டி மன்னருக்கு. மாடு முட்டிச் செத்தால் மாடு மன்னருக்கு. அல்லது அதன் மதிப்பை மரண விசாரணை ஜூரிகள் கணக்கிட்டு, அந்தத் தொகையைக் கட்ட வேண்டும். ஆதியில் இந்தப் பணம் செத்தவர் ஆன்மாவுக்காகப் பூசை செய்யப் போனதாம். போகப்போகக் கடவுள் விலகிக்கொண்டார், கஜானா மட்டும் நின்றது. இதற்கும் முந்தைய வேரைத் தேடுகிறவர்கள் பைபிளில் யாத்திராகமம் 21-ஆம் அதிகாரத்தைக் காட்டுவார்கள். மனிதனை முட்டிக் கொன்ற மாட்டைக் கல்லெறிந்து கொல்ல வேண்டும் என்ற விதி அங்கே இருக்கிறது.

திருவாரூர் மனுநீதிச் சோழன் கதை உங்களுக்கு ஞாபகம் வந்திருக்கும். தேரில் அடிபட்டுக் கன்று செத்தது. தேரை ஓட்டிய இளவரசனுக்குத்தான் தண்டனை. தேரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. செத்தது ஒரு மனிதன், நடந்தது அன்றைய இங்கிலாந்தில் என்று வைத்துக்கொண்டால், தேர் மன்னருக்குப் போயிருக்கும். அது ஏற்கெனவே மன்னர் வீட்டுத் தேர்தான் என்பதால் யாருக்கும் நட்டமில்லை!

இங்கிலாந்தில் ரயில் வந்தபிறகு இந்த வழக்கம் கஷ்டத்தில் மாட்டிக்கொண்டது. 1841 கிறிஸ்துமசுக்கு முந்தின நாள் சோனிங் என்ற இடத்தில் ரயில் விபத்து, பலர் செத்தார்கள். ஜூரிகள் எஞ்சின்மீதும் பெட்டிகள்மீதும் டியோடாண்ட் விதித்தார்கள். ரயில் கம்பெனிகள் பதறின. 1846-இல் பாராளுமன்றம் அந்த வழக்கத்தையே ஒழித்துவிட்டு, செத்தவர் குடும்பத்துக்கு நட்ட ஈடு தரும் சட்டத்தைக் கொண்டுவந்தது. மன்னருக்குப் போனது குடும்பத்துக்குப் போகத் தொடங்கியது. நல்ல மாற்றம்.

அமெரிக்காவில் டியோடாண்ட் வேர் பிடிக்கவில்லை. வேர் பிடித்தது அதன் ஒன்றுவிட்ட தம்பியான சுங்கச் சட்டம். அமெரிக்கா இங்கிலாந்தின் காலனியாக இருந்தபோது, சுங்கம் கட்டாத சரக்கையும் அதை ஏற்றிய கப்பலையும் பறிமுதல் செய்யலாம். பறிமுதலான பொருளின் மதிப்பு மூன்று பங்கு: ஒன்று மன்னருக்கு, ஒன்று காலனியின் கவர்னருக்கு, ஒன்று பிடித்துக்கொடுத்தவருக்கு. இந்த மூன்றாவது பங்கைக் கவனித்து வையுங்கள். கதை முழுக்க இதைப் பின்தொடர்ந்துதான் போகப்போகிறோம்.

1768 ஜூனில் பாஸ்டன் துறைமுகத்தில் ஜான் ஹான்காக் என்ற பெரிய வணிகரின் 'லிபர்ட்டி' என்ற கப்பலைச் சுங்க அதிகாரிகள் பிடித்தார்கள். மடீரா மதுவைத் தீர்வை கட்டாமல் இறக்கினார் என்பது புகார். ஊரே கொதித்துத் தெருவுக்கு வந்தது. சுங்க ஆணையர்கள் உயிர் தப்பிக் கோட்டைக்குள் போய் ஒளிந்தார்கள். ஹான்காக்குக்காக வாதாடிய வக்கீல் ஜான் ஆடம்ஸ், பின்னாளில் இரண்டாவது ஜனாதிபதி. ஹான்காக்மீதான வழக்கு ஒரு வழியாகக் கைவிடப்பட்டது. கப்பல் மட்டும் திரும்பவில்லை. அதையே சுங்கக் காவல் கப்பலாக ஓட்டினார்கள். அடுத்த வருஷம் நியூபோர்ட்டில் மக்கள் அதைக் கொளுத்தினார்கள். சுதந்திரப் பிரகடனத்தில் பெரிதாக, கொட்டை எழுத்தில் முதல் கையெழுத்துப் போட்டாரே, அந்த ஹான்காக்தான் இவர்.

இப்படிப் பறிமுதலில் கொதித்து எழுந்த நாடு சுதந்திரம் வாங்கியபின் என்ன செய்தது? 1789 ஜூலை 31-இல், முதல் காங்கிரஸின் முதல் சில சட்டங்களில் ஒன்றாக, அதே மாதிரி சுங்கப் பறிமுதல் சட்டத்தைப் போட்டது. கோபப்பட வேண்டாம், காரணம் இருந்தது. அன்று வருமான வரி கிடையாது. புதிய அரசின் சோற்றுக்கே சுங்கம்தான் வழி. கப்பல் உரிமையாளர் லண்டனிலோ லிஸ்பனிலோ இருப்பார், அவரைக் கொண்டுவந்து நிறுத்த முடியாது. கையில் இருப்பது கப்பல் மட்டும். எனவே கப்பல்மீது வழக்கு. அந்தச் சூழலில் அது நியாயமாகத்தான் எனக்குப் படுகிறது. ஆனால் பழைய பங்கு முறையையும் கூடவே வைத்துக்கொண்டார்கள். பறிமுதலில் பாதி அரசுக்கு. மீதிப் பாதி சுங்க அதிகாரிகளுக்கும் துப்புக் கொடுத்தவருக்கும்.

நீதிமன்றங்களும் இதற்குக் கோட்பாடு கட்டிக் கொடுத்தன. 1827-இல் 'பால்மைரா' என்ற கப்பல் வழக்கில் நீதிபதி ஜோசப் ஸ்டோரி, இங்கே குற்றவாளியாகக் கருதப்படுவது பொருளே, ஆளுக்குத் தண்டனை கிடைத்ததா என்பது வேறு விஷயம் என்று எழுதினார். 1844-இல் 'மாலெக் அதெல்' வழக்கு. நியூயார்க் உரிமையாளர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. கேப்டனுக்குப் புத்தி கெட்டு, நடுக்கடலில் எதிர்ப்பட்ட கப்பல்களை எல்லாம் தாக்கினார். உரிமையாளர்களுக்கு எதுவும் தெரியாது என்று நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. சரக்கைத் திருப்பிக் கொடுத்தது, கப்பலைக் கொடுக்கவில்லை. கடற்கொள்ளைக் காலத்துத் தீர்ப்பு இது. இதே கோட்பாடு 130 வருஷம் கழித்து ஓர் உல்லாசப் படகில் வந்து இறங்கியது. 1974 வழக்கு அது. வாடகைக்குக் கொடுத்த படகில் ஒரு கஞ்சா சிகரெட் இருந்தது. வாடகைக்கு விட்ட நிறுவனத்துக்கு அது தெரியவே தெரியாது. 19,800 டாலர் படகு போயிற்று. அந்தத் தீர்ப்பில் டியோடாண்டையும் மாட்டையும் நீதிபதிகள் மறக்காமல் குறிப்பிட்டிருக்கிறார்கள்.

நடுவில் நடந்த ஒரு விஷயத்தைத் தாண்டிப் போகக்கூடாது. என்னைக் கேட்டால் இந்தக் கதையின் முக்கியமான பக்கமே அதுதான், பலரும் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

பாதிப் பங்கு முறையால் நியூயார்க் சுங்க அலுவலகம் பணம் கொழிக்கும் இடமாயிற்று. அங்கே 1871 முதல் கலெக்டராக இருந்தவர் செஸ்டர் ஆர்தர். சம்பளமும் பங்கும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 50,000 டாலர் அவருக்குக் கிடைத்தது. அன்றைக்கு அது கண்ணைப் பறிக்கும் தொகை. 1873-இல் பெல்ப்ஸ் டாட்ஜ் என்ற உலோக இறக்குமதி நிறுவனம் மாட்டியது. சரக்கின் விலையைக் குறைத்துக் காட்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. அரசுக்கு உண்மையில் குறைந்த தீர்வை சில ஆயிரம் டாலரைக்கூடத் தாண்டாது. ஆனால் சம்பந்தப்பட்ட மொத்தச் சரக்கும் பறிமுதலாகும் என்று மிரட்டியதில் நிறுவனம் 2,71,000 டாலர் கட்டிச் சமாதானம் ஆனது. அதில் பாதியை ஆர்தரும் மற்ற அதிகாரிகளும் துப்பறிந்தவரும் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

விவரம் வெளியே வந்ததும் வணிகர்கள் கொந்தளித்தார்கள். காங்கிரஸ் விசாரித்தது. 1874 ஜூனில் சுங்கப் பறிமுதலில் அதிகாரிகளுக்குப் பங்கு கிடையாது என்று சட்டம் போட்டது. ஆர்தருக்கு அதன்பின் நிலையான சம்பளம், ஆண்டுக்கு 12,000 டாலர். (அவர் 1881-இல் ஜனாதிபதியே ஆகிவிட்டார் என்பது வேறு கதை.) பிடிக்கிறவன் கையில் பிடித்ததில் பங்கு இருந்தால் அவன் கண் எங்கே போகும் என்பதை அந்த நாடு தன் அனுபவத்திலேயே பார்த்து, தானே கையெழுத்துப் போட்டு நிறுத்திய விஷயம் இது.

சரியாக 110 வருஷம் கழித்து அது வேறு வாசல் வழியாகத் திரும்ப உள்ளே வந்தது.

1920-களின் மதுவிலக்குக் காலத்தில் கார்களைப் பறித்தார்கள். மதுவிலக்கு போனதும் அந்த வேகம் அடங்கியது. 1970-இல் நிக்சன் காலத்துப் போதைப்பொருள் சட்டம், கடத்தலுக்குப் பயன்பட்ட வண்டிகளையும் கருவிகளையும் பறிக்க வழி செய்தது. 1978-இல் பணத்தையும் சேர்த்தார்கள். 1984 அக்டோபரில் ரீகன் கையெழுத்திட்ட குற்றத் தடுப்புச் சட்டம் இரண்டு வேலை செய்தது. வீடு, நிலத்தையும் பட்டியலில் சேர்த்தது ஒன்று. பறிமுதல் பணம் பொதுக் கருவூலத்துக்குப் போகாமல் நீதித்துறையின் தனி நிதியில் சேரட்டும், அதை அமலாக்கத் துறைகளே செலவழிக்கட்டும் என்றது இரண்டாவது. மாநில, உள்ளூர்ப் போலீஸ் பிடித்ததை மத்திய அரசிடம் ஒப்படைத்தால் 80 சதவீதம் வரை திருப்பித் தருவோம் என்ற ஏற்பாடும் அதோடு வந்தது. அதிகாரியின் பாக்கெட்டுக்குப் பங்கு போவதில்லை, அவர் துறையின் பாக்கெட்டுக்குப் போகிறது. 1874-க்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவே.

1986-இல் அந்த நிதியில் சேர்ந்தது 9 கோடியே 37 லட்சம் டாலர். 2014-இல் 450 கோடி டாலர். பெரிய நிறுவனங்களின் மோசடி வழக்குகளில் வந்த தொகையும் இரண்டாவது கணக்கில் சேரும் என்பதால், எல்லாம் சாலையில் பிடித்தது என்று எண்ணிவிடாதீர்கள். சாலையில் பிடித்ததற்குத் தனிக் கணக்கு இருக்கிறது. வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் 2014-இல் ஆராய்ந்து எழுதியது: 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு, தேடுதல் வாரண்ட்டும் குற்றப் பத்திரிகையும் இல்லாமல், இந்தப் பங்கு ஏற்பாட்டின் வழியாக மட்டும் 61,998 முறை ரொக்கம் பிடிபட்டிருக்கிறது, மொத்தம் 250 கோடி டாலருக்கு மேல். அதில் பாதி, 8,800 டாலருக்கும் குறைவான தொகைகள். கடத்தல் மன்னர்கள் இவ்வளவு சில்லறையோடு அலைவார்களா என்று எனக்குப் புரியவில்லை.

புளோரிடாவில் வொலூசியா என்ற கவுண்ட்டி. 1989 முதல் மூன்று வருஷம் அங்கே ஷெரிப்பின் தனிப்படை நெடுஞ்சாலையில் கார்களை நிறுத்திச் சுமார் 80 லட்சம் டாலர் பிடித்தது. ஆர்லாண்டோ சென்டினல் நாளிதழ் போலீஸ் கார்களிலேயே பதிவான வீடியோக்களைப் போட்டுப் பார்த்தது. நிறுத்தப்பட்டவர்களில் கிட்டத்தட்ட 70 சதவீதம் பேர் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வம்சத்தவரும். பணம் பறிகொடுத்தவர்களில் பெரும்பாலோர் மீது வழக்கே இல்லை. அந்தச் செய்தித் தொடருக்கு 1993-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது.

1992-இல் கலிபோர்னியாவின் மலிபு மலையில் 200 ஏக்கர் பண்ணை வைத்திருந்த ஒரு முதியவர் வீட்டுக்குள், கஞ்சா பயிரிடுகிறார் என்று சொல்லிக் காலையில் போலீஸ் புகுந்தது. தூக்கக் கலக்கத்தில் துப்பாக்கியோடு வந்தவரைச் சுட்டுக் கொன்றார்கள். கஞ்சாச் செடி ஒன்றுகூட இல்லை. வென்ச்சுரா மாவட்ட அரசு வழக்கறிஞர் விசாரித்து அறிக்கை கொடுத்தார்: அந்த நிலத்தைப் பறிமுதல் செய்யும் ஆசையும் இந்தச் சோதனைக்கு ஒரு காரணம் என்று. எழுதியவர் அரசுத் தரப்பு அதிகாரி என்பதைக் கவனியுங்கள்.

டெக்சாஸில் டெனஹா என்ற சின்ன ஊர், மக்கள்தொகை ஆயிரத்துச் சொச்சம். 2007-இல் ஒரு தம்பதி பிள்ளைகளோடு, பழைய கார் வாங்கச் சுமார் 6,000 டாலர் எடுத்துக்கொண்டு அந்த வழியாகப் போனார்கள். நிறுத்தி, பணத்தை எழுதிக் கொடுத்தால் போகலாம், இல்லாவிட்டால் பணமோசடி வழக்கு, பிள்ளைகள் அரசுக் காப்பகத்துக்கு என்று சொன்னார்கள். பெற்றவர்கள் என்ன செய்வார்கள்? எழுதிக் கொடுத்தார்கள். இப்படிப் பறிகொடுத்தவர்கள் சேர்ந்து போட்ட வழக்கு 2012-இல் சமரசமாகி, ஊர்ப் போலீசுக்குக் கட்டுப்பாடுகள் வந்தன.

பிலடெல்பியா நகராட்சி மாளிகையில் 478-ஆம் எண் அறை. பேர் நீதிமன்ற அறை, ஆனால் நீதிபதி இருக்க மாட்டார். நடத்துகிறவர்கள் அரசு வழக்கறிஞர்கள். அடுத்த வாரம் வா, அடுத்த மாதம் வா என்பார்கள். ஒரு வாய்தா தவறினால் பொருள் போய்விடும். மகன் 40 டாலருக்கு ஹெராயின் விற்றான் என்று ஒரு குடும்பத்தின் வீட்டையே பூட்டினார்கள். பெற்றோருக்கு எதுவும் தெரியாது. 2014-இல் அந்தக் குடும்பமும் மற்றவர்களும் வழக்குப் போட்டார்கள். 2018-இல் நகரம் இறங்கிவந்து, நட்ட ஈட்டுக்கு 30 லட்சம் டாலர் ஒதுக்கியது. அறை 478 முறையும் ஒழிந்தது.

இதையெல்லாம் விட ஒரு வாத்தியாராக என்னை உறுத்தியது மிசௌரி மாநிலத்தின் கதை. அந்த மாநில அரசமைப்புச் சட்டப்படி பறிமுதல் பணம் பள்ளிக்கூடங்களுக்குப் போக வேண்டும். எவ்வளவு அழகான ஏற்பாடு! போலீஸ் என்ன செய்தது? பிடித்த பணத்தை மாநில நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகாமல் மத்திய அமைப்புகளிடம் கொடுத்தது. அவர்கள் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைப் போலீசுக்கே திருப்பினார்கள். பள்ளிக்கூடத்துக்குக் கிடைத்தது பூஜ்யம். கான்சாஸ் சிட்டி ஸ்டார் நாளிதழ் இதைத் துருவி எழுதியது. வட கரோலினாவிலும் பணம் பள்ளிகளுக்கே என்று அரசமைப்பு சொல்கிறது. அங்கேயும் இதே சுற்றுவழி. கரும்பலகையும் கழிப்பறையும் ஆகியிருக்க வேண்டிய பணம் ரோந்துக் கார் ஆனது. மாநில மக்கள் ஓட்டுப்போட்டு எழுதி வைத்த சட்டத்தை இப்படி ஓர் ஓரமாகச் சுற்றிக்கொண்டு போக முடிகிறது என்றால், பிறகு அந்தச் சட்டத்துக்கு என்ன மரியாதை?

போலீஸ் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. போதைக் கும்பலின் தலைவன் வெளிநாட்டில் இருப்பான், பணம் மட்டும் இங்கே இருக்கும். 1789-இல் கப்பலுக்குச் சொன்ன காரணம் இங்கேயும் பொருந்தும். பெர்னார்ட் மேடாஃப் என்ற மகா மோசடிக்காரனிடம் ஏமாந்தவர்களுக்குப் பறிமுதல் வழியாக மீட்டுத்தான் பல நூறு கோடி டாலர் திருப்பிக் கொடுத்தார்கள். பறிமுதலே கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பறித்ததைப் பறித்தவரே வைத்துக்கொள்ளலாம் என்ற இடத்தில்தான் எனக்குச் சண்டை. நீதித்துறையின் தலைமை ஆய்வாளர் 2017-இல் கொடுத்த அறிக்கையைப் பாருங்கள். போதைத் தடுப்பு முகமையின் ரொக்கப் பறிமுதல்களில் 100 மாதிரிகளை எடுத்துப் பார்த்தார்கள். ஏதாவது குற்ற விசாரணைக்கு உதவியது என்று காட்ட முடிந்தது 44-இல் மட்டும்.

நம் ஊரில் தேர்தல் வந்தால் பறக்கும் படை 50,000 ரூபாய்க்கு மேல் ஆவணமில்லாத பணத்தைப் பிடிக்கும். மாட்டுச் சந்தைக்குப் போகிறவரும் ஜவுளிக்கடைக்காரரும் படும் பாடு உங்களுக்குத் தெரியும். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் துருப்பிடித்து, உள்ளே செடி முளைத்து நிற்கும் வண்டிகளையும் பார்த்திருப்பீர்கள். அவற்றை அப்படிப் போட்டுவைக்கக் கூடாது என்று நம் உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லியும் ஆயிற்று. சுங்கத் துறையில் துப்புக் கொடுத்தவருக்கும் பிடித்த அதிகாரிக்கும் வெகுமதி தரும் முறையும் உண்டு. நாமும் ரொம்ப யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் பறக்கும் படை பிடித்த பணம் கருவூலத்துக்குப் போகிறது, கணக்குக் காட்டினால் திரும்புகிறது. பிடித்த தாசில்தார் அலுவலகத்துக்கு அதில் 80 சதவீதம் என்று ஒரு விதி இருந்தால் எத்தனை வண்டிகளை நிறுத்துவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

திருத்த முயற்சிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1996-இல் மிச்சிகன் வழக்கு ஒன்று பலரை உலுக்கியது. கணவனும் மனைவியும் சேர்ந்து 600 டாலருக்கு வாங்கிய பழைய பான்டியாக் காரில், கணவன் வேறொரு பெண்ணோடு பிடிபட்டான். அரசு காரைப் பறித்தது. என் பங்கையாவது கொடுங்கள் என்று மனைவி கேட்டார். இல்லை என்று 5-க்கு 4 என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. புருஷன் செய்த துரோகம் ஒரு பக்கம், போன கார் ஒரு பக்கம்! இப்படிப்பட்டவற்றுக்குப் பிறகு, ஹென்றி ஹைட் என்ற குடியரசுக் கட்சி உறுப்பினரின் முயற்சியால் 2000-இல் மத்திய சட்டம் திருத்தப்பட்டது. நிரூபிக்கும் பொறுப்பு அரசுக்கு மாறியது. தப்பில்லாத உரிமையாளர் தன் நிலையைச் சொல்லிப் பொருளை மீட்க வழி வந்தது. 80 சதவீதத்தை மட்டும் தொடவில்லை.

நியூ மெக்சிகோ 2015-இலும் நெப்ராஸ்கா 2016-இலும் மெய்ன் 2021-இலும் இந்த முறையையே தங்கள் எல்லையில் ஒழித்தன. மத்தியில் 2015-இல் எரிக் ஹோல்டர் பங்கு ஏற்பாட்டைக் குறுக்கினார். 2017-இல் ஜெஃப் செஷன்ஸ் திரும்பத் திறந்துவிட்டார். 2019-இல் இண்டியானா வழக்கு. அங்கே ஒருவர் சிறிதளவு ஹெராயின் விற்றார். அந்தக் குற்றத்துக்கு அதிகபட்ச அபராதம் 10,000 டாலர். அரசு பறித்ததோ, தந்தையின் இன்சூரன்ஸ் பணத்தில் வாங்கிய 42,000 டாலர் கார். மிகையான அபராதம் கூடாது என்ற அரசமைப்பு விதி மாநிலங்களையும் கட்டுப்படுத்தும் என்று ஒன்பது நீதிபதிகளும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். தீர்ப்பை எழுதியவர் ரூத் பேடர் கின்ஸ்பர்க். 2020-இல் கார் வீடு வந்து சேர்ந்தது.

2024 மே மாதம் அலபாமா வழக்கு. மகன் ஓட்டிப்போன தாயின் கார் கஞ்சாவோடு பிடிபட்டது. அது திரும்ப 20 மாதம் ஆனது. பிடித்த உடனே, வைத்திருக்கலாமா என்று ஒரு தனி விசாரணை வேண்டும் என்பது தாயின் வாதம். தேவையில்லை என்று 6-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. ஆனால் பெரும்பான்மையோடு சேர்ந்த இருவர், கோர்சச்சும் தாமஸும், இன்றைய பறிமுதல் முறையே அரசமைப்புக்குப் பொருந்துமா என்று தனியாகக் கேள்வி எழுப்பியிருக்கிறார்கள். எதிர்த்த மூவரையும் சேர்த்தால் ஐந்து பேருக்குச் சந்தேகம் இருக்கிறது. காங்கிரஸில் பறிமுதல் பணத்தைப் பொதுக் கருவூலத்துக்கே திருப்பும் மசோதா 2023-இல் கீழவையின் நீதிக் குழுவில் ஒருமனதாகத் தேறியது. அந்த அவையின் காலம் முடியும்வரை சட்டமாகவில்லை.

அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு மட்டும் கடைசியாக இரண்டு வரி. வண்டியைச் சோதிக்கலாமா என்று போலீஸ் சம்மதம் கேட்டால், சம்மதம் இல்லை என்று மரியாதையாகச் சொல்லலாம். கை கலப்பு, வாக்குவாதம் வேண்டாம். கார் வாங்கவோ வீட்டு வேலைக்கோ பெரிய ரொக்கம் எடுத்துப் போனால் வங்கிச் சீட்டைக் கூடவே வையுங்கள். எதையும் அங்கேயே எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போடாதீர்கள், ரசீது கேட்டு வாங்குங்கள். மத்திய அமைப்பு பிடித்திருந்தால் 60 நாளுக்குள் உங்களுக்கு அறிவிப்புக் கடிதம் அனுப்ப வேண்டும். உள்ளூர்ப் போலீஸ் பிடித்து அவர்களிடம் கொடுத்திருந்தால் 90 நாள். அந்தக் கடிதத்திலேயே, உரிமை கோரி எழுதக் கடைசித் தேதி போட்டிருக்கும். கடிதம் அனுப்பிய நாளிலிருந்து குறைந்தது 35 நாள் தருவார்கள். அந்தத் தேதிக்குள் எழுதாவிட்டால் நீதிபதி முகத்தையே பார்க்காமல் பொருள் போய்விடும். ஆகவே கடிதம் வந்த அன்றே வக்கீலைப் பாருங்கள். வீடு மாறினால் தபால் அலுவலகத்தில் புது முகவரியைக் கொடுத்து வையுங்கள்.